பழைய விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் வாங்க: ஃப்ளைட் சிமுலேட்டர் லிவரி, முதல் தடவை செய்பவர்களுக்கு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் கொஞ்ச நாள் ஓட்டிய யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். திருவனந்தபுரத்தில் இறங்கினால் மட்டும் போதாது, அந்தக் காலத்து ஆரஞ்சு வால் இந்தியன் ஏர்லைன்ஸில் இறங்க வேண்டும், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பு மாடம் வைத்த ஏர் இந்தியாவில் இறங்க வேண்டும் என்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்காரர்களுக்கும் மார்த்தாண்டத்துக்காரர்களுக்கும் விமானம் என்றாலே திருவனந்தபுரம்தான், மாமாவை வழியனுப்பவும் சித்தப்பாவைக் கூட்டிவரவும் வேன் பிடித்துப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த வால்களும் நிறங்களும்தான். கம்பெனியின் நிறமும் சின்னமும் பெயரும் சேர்ந்த இந்த வெளிப் பெயிண்டைத்தான் லிவரி என்பார்கள். அந்த நிறங்களில் பெரும்பாலானவை இப்போது எங்கும் பறப்பதில்லை. சிமுலேட்டரில் பறக்க வைக்கலாம், அதற்கு ஓவியராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒன்று. புதிதாக வருபவர்கள் நேராகப் படம் வரையும் மென்பொருளான ஜிம்பைத் திறந்து சிவப்பை ஊற்றிவிடுகிறார்கள், வேலை நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான். முதலில் முடிவு செய்ய வேண்டியது மூன்று: எந்த ஒரு விமானம், அதன் பதிவு எண் என்ன, எந்த வருஷத்தில் அது எப்படி இருந்தது. "ஏர் இந்தியா பழைய பெயிண்ட்" என்று ஒன்று கிடையாது. 1989-ல் ஏர் இந்தியா வாலை ஆழ்ந்த சிவப்பாக்கி அதில் தங்கச் சக்கரம் வைத்துப் புதிய பெயிண்டுக்குப் போனது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, இரண்டு வருஷத்தில் பழையதற்கே திரும்பிவிட்டார்கள், அதற்குள் மாறியிருந்தது ஏறக்குறைய பாதி விமானங்கள்தான். அதாவது 1990-ஐ எடுத்தால் ஒரே கம்பெனியின் இரண்டு 747-கள் இரண்டு விதமாக நின்றிருக்கும். எண்ணும் வருஷமும் இல்லாமல் தொடங்கினால் மூன்று காலத்துப் படங்களைக் கலந்து, எந்தக் காலத்திலும் பறக்காத ஒரு விமானத்தைச் செய்து முடிப்பீர்கள்.

எதை எடுப்பது

காலவாரியாகப் பார்த்தால், 1932-ல் டாட்டா தொடங்கிய காலம் முதலில் வருகிறது. 1935-ல் அவர்களுடைய சின்ன விமானம் திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கியபோது நம் மாவட்டமும் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. ஆசையான காலம்தான், ஆனால் படம் குறைவு, இருப்பதும் கறுப்பு வெள்ளை. முதல் வேலைக்கு வேண்டாம்.

அடுத்தது டக்கோட்டா காலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய டிசி-3-கள், அவற்றுக்குத்தான் டக்கோட்டா என்று பெயர், மலிவாகக் கிடைக்க, நாட்டில் ஆளாளுக்கு விமானக் கம்பெனி தொடங்கினார்கள். 1953-ல் அவற்றில் எட்டை ஒன்றாக்கித்தான் இந்தியன் ஏர்லைன்ஸ் வந்தது: டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா, ஹிமாலயன் ஏவியேஷன் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பெனி. புதியவர்களுக்கு என்னுடைய சிபாரிசு இந்தக் காலம்தான். பெரும்பகுதி பளபளக்கும் அலுமினியம், ஒரு பட்டை, ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவே. ஓட்டுவதற்கும் டக்கோட்டா எளிதாகக் கிடைக்கிறது: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-க்கு, 2022 நவம்பரில் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்போடு டிசி-3 இலவசமாகவே வந்தது. இலவச சிமுலேட்டரான ஃப்ளைட்கியரிலும் இருக்கிறது.

அப்புறம் வைக்கவுண்ட், ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், கேரவெல், ஆவ்ரோ என்று அறுபதுகள். அதற்குப் பின் எழுபதுகளின் ஜெட்டுகள்: 737-200, ஏ300, எல்லோரும் கேட்கும் 747.

இங்கே ஒரு கறாரான வார்த்தை. பழைய பெயிண்டைப் புதிய உடம்பில் அடிக்காதீர்கள். 1971-ல் வந்த "எம்பரர் அசோகா", பதிவு எண் விடி-இபிடி, 747-200 வகை, நீளம் 70 மீட்டர் சொச்சம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோடு வரும் 747-8 எழுபத்தாறு மீட்டருக்கு மேல், மேல்மாடியும் நீளம், எஞ்சின் கூடும் வேறு. அதில் மாடங்களை வரைந்தால் ஜன்னல் எண்ணிக்கையே ஒத்துவராது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஃபெலிஸ் என்பவர் செய்த 747-200 இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் சரியான உடம்பு. அதேபோல 737-200-க்கு ஃப்ளைஜேசிம் என்ற கம்பெனி செய்தது. ஐனிபில்ட்ஸின் ஏ300-600-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் அடிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்தியன் ஏர்லைன்ஸ் வைத்திருந்தது பி2, பி4 வகைகள், காக்பிட்டில் மூன்று பேர் உட்காரும் விமானம், இறக்கை நுனியில் அந்தச் சின்னத் தடுப்புத் தகடும் கிடையாது. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதைச் செய்து பகிரும்போது குறிப்பில் எழுதிவிடுங்கள்.

படம் தேடுவது

இதில்தான் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. எழுபதுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு குளச்சலிலோ தக்கலையிலோ குறைவு. அந்த வீடுகளின் ஆல்பத்தில், ஏணிப்படியில் நின்று கையசைக்கும் ஒரு படமாவது இருக்கும். விமானத்தைப் படமெடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் முழு விமானமும் பக்கவாட்டில் தெரியும்படி எடுப்பார்கள், அதுவும் வேண்டும். ஆனால் கதவைச் சுற்றி என்ன எழுதியிருந்தது, பட்டை கதவில் எந்த இடத்தில் வெட்டிப் போனது, ஆணி வரிசைமேல் பெயிண்ட் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் தெரிவது இந்த ஏணிப்படிப் படங்களில்தான்.

"சித்தப்பா, நீங்க முதல்ல மஸ்கட் போனப்ப எடுத்த ஆல்பம் இருக்கா?" என்று கேட்டால் போதும், ஆல்பத்தோடு இரண்டு மணி நேரக் கதையும் வரும். கதையைக் கேளுங்கள், ஆனால் எந்தக் கம்பெனி விமானம் என்று அவர் சொல்வதைப் படத்தில் தெரியும் எழுத்தோடு ஒத்துப் பாருங்கள், நாற்பது வருஷத்துக்குப் பின் ஏர் இந்தியாவும் கல்ஃப் ஏரும் ஞாபகத்தில் இடம் மாறிக்கொள்வது சகஜம். அப்படியே பழைய டிக்கெட் உறை, பெட்டியில் கட்டிய சீட்டு, தோளில் மாட்டும் கம்பெனிப் பை இவையெல்லாம் பரணில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்னத்தை வரைவதற்கு அச்சடித்த தட்டையான தாளைப் போல நல்ல மூலம் வேறு இல்லை, விமானத்தின் வால் வளைந்தும் சாய்ந்தும் தெரியும், டிக்கெட் உறை நேராக இருக்கும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாள் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும். உரிக்காதீர்கள், மேல்பரப்பு கையோடு வந்துவிடும். தாளோடு சேர்த்தே, ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, ஃபோனை ஆல்பத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பளபளப்புத் தெரிந்தால் ஆல்பத்தைக் கொஞ்சம் திருப்புங்கள், ஃபோனைச் சாய்க்காதீர்கள், சாய்த்தால் அளவு கெடும்.

நிறத்தை மட்டும் இந்தப் படங்களிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. பழைய கலர்ப் பிரிண்டுகளில் நீலப் பச்சைச் சாயம் பலவற்றில் முதலில் வெளிறிவிடுகிறது, அதனால் படம் முழுக்கச் செம்மை ஏறி நிற்கும். ஆரஞ்சு வால் செங்கல் நிறத்தில் தெரியும். படத்தில் நிச்சயமாக வெள்ளை அல்லது சாம்பல் என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள், யாரோ உடுத்திய வேட்டி, சிமெண்ட் தரை, எதுவானாலும் சரி. ஜிம்பின் லெவல்ஸில் அந்த இடத்தைக் காட்டி நிறத்தைச் சமன் செய்த பிறகு பட்டையின் நிறத்தை எடுங்கள். வேறு வேறு இடத்தில் எடுத்த மூன்று நான்கு படங்களில் இதைச் செய்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

சாமான்கள்

நிறம் அடிக்க ஜிம்ப், எழுத்தும் சின்னமும் வரைய இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம், இரண்டும் போதும். ஃபோட்டோஷாப் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. விமானத்தைச் செய்தவர் தரும் பெயிண்ட் கிட் மிக முக்கியம். ஒன்றன்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள்கள்போல லேயர் லேயராக இருக்கும் பிஎஸ்டி ஃபைல் அது, ஜிம்பிலேயே திறக்கும். அதில் தகடு இணைப்புகள், ஆணிகள், நிழல் எல்லாம் தனி லேயர்களில் மேலே இருக்கும், நீங்கள் நிறத்தை அவற்றுக்குக் கீழே அடிப்பீர்கள். பெயிண்ட் கிட் இல்லாத விமானத்தை முதல் வேலைக்கு எடுக்காதீர்கள், வெள்ளையோ வெறும் உலோகமோ உள்ள லிவரியின் படத்தில் அடித்துச் சமாளிக்கலாம், ஆனால் கண் வலிக்கும்.

4096-க்கு 4096 அளவில் நாற்பது லேயர் திறந்தால் 8 ஜிபி மெமரி உள்ள லேப்டாப் திணறும். பாதி அளவில் வேலை செய்து பின்னால் பெரிதாக்கலாம் என்று நினைக்க வேண்டாம், எழுத்து மங்கிவிடும். தேவையில்லாத லேயர்களை ஒன்றாக்கிவிட்டு முழு அளவிலேயே செய்யுங்கள். ஆடி மாதக் காற்றில் கரண்ட் போய்ப்போய் வரும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இந்த வேலை ஆகாது.

கட்டம் போட்டுப் பார்ப்பது

பெயிண்ட் அடிக்கும் முன் இதைச் செய்யாமல் போகவே போகாதீர்கள். உடம்பின் படம் முழுவதும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எண் எழுதி, நெடுகவும் குறுக்கவும் நிறம் மாற்றி ஒரு ஃபைல் செய்யுங்கள். அதை விமானத்துக்கு லிவரியாக ஏற்றி, வெளிக் கேமராவில் சுற்றிப் பாருங்கள். மூன்று விஷயம் உடனே தெரிந்துவிடும். எந்த எண் விமானத்தில் எங்கே விழுகிறது. எங்கே கட்டம் இழுபடுகிறது, மூக்கிலும் வால் அடியிலும் கட்டாயம் இழுபடும். கடைசியாக, இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே படத்தைப் பங்கு போடுகிறதா என்பது. வலது பக்கத்தில் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரிந்தால், அந்த மாடலில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம்தான். அதில் எழுத்து எழுத முடியாது, எழுதினால் ஒரு பக்கம் இடவலம் மாறித் தெரியும். வேறு மாடல் தேடுங்கள்.

ஒரு கணக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். டிசி-3-யின் நீளம் ஏறக்குறைய 19.7 மீட்டர். உடம்பு முழுவதும் 4096 பிக்சல் அகலத்தில் உட்கார்ந்தால் ஒரு மீட்டருக்கு 200 பிக்சல் சொச்சம், அதாவது ஒரு பிக்சல் அரை சென்டிமீட்டர். படத்தில் பட்டையின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு இரண்டு சென்டிமீட்டர் என்றால் உங்களுக்கு நான்கு பிக்சல் கிடைக்கும், நன்றாகத் தெரியும். 747-க்கு உடம்பை இரண்டு படமாகப் பிரித்திருந்தால்கூட மீட்டருக்கு 115 பிக்சல்தான். எது தெரியும், எது தெரியாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும், தெரியாததை வரைந்து ராத்திரியைக் கழிக்க வேண்டாம்.

பட்டை

பழைய லிவரிகளின் முதுகெலும்பு இந்தப் பட்டைதான், ஜன்னல் வரிசையோடு மூக்கிலிருந்து வால் வரை ஓடுவது. மேலே வெள்ளை, நடுவில் பட்டை, கீழே வெறும் அலுமினியம் என்பதே அந்தக் காலத்துப் பொது உருவம். கூரையில் வெள்ளை அடித்தது அழகுக்கு மட்டுமல்ல, வெயிலில் நிற்கும் விமானத்தின் உள்ளே சூடு குறையும்.

படத்தில் நேர்கோடு போட்டால் விமானத்தில் நேராக வரும் என்று எண்ணினால் மூக்கில் மாட்டிக்கொள்வீர்கள். முட்டத்திலோ சின்னமுட்டத்திலோ கரையேற்றி வைத்த படகுக்குப் பெயிண்ட் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் நூல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டே வருபவர், முன்முனை வளைய ஆரம்பிக்கும் இடத்தில் நூலை விட்டுவிட்டு நாலு எட்டு பின்னால் நகர்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கோட்டை ஏற்றுவார். இங்கேயும் அதே வேலைதான். உடம்பின் நடுப்பகுதிக்கு நேர்கோடு. மூக்குப் பகுதிக்கு, கட்டப் படத்தைப் பார்த்து, பட்டை எந்தக் கட்டத்தின் வழியாகப் போக வேண்டும் என்று புள்ளி வைத்துக்கொண்டு, ஜிம்பில் பாத் கருவியால் வளைவாக இழுங்கள். சிமுலேட்டரில் ஏற்றிப் பக்கவாட்டில் பாருங்கள், முன்னாலிருந்து பாருங்கள், இரண்டு பிக்சல் ஏற்றுங்கள், மறுபடி பாருங்கள். குறுக்குவழி கிடையாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவர்கள் மாடலின் மேலேயே நேரடியாக அடிக்கலாம், ஆனால் அது தனிப் பாடம்.

உடம்பு இரண்டு மூன்று படங்களாகப் பிரிந்திருந்தால் பட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒரு பிக்சல் தவறினாலும் படி விழுந்ததுபோலத் தெரியும். கோட்டின் ஓரத்தை விளிம்புக்கு வெளியேயும் நாலைந்து பிக்சல் நீட்டி அடியுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது இணைப்பில் வெள்ளைக் கீறல் மினுங்கும்.

எழுத்தும் எண்ணும்

பழைய விமானத்தில் இருப்பது கம்ப்யூட்டர் ஃபான்ட் இல்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஃபான்டைத் தேடி நேரம் கழிப்பதற்குப் பதில், நல்ல பக்கவாட்டுப் படத்தை இங்க்ஸ்கேப்பில் அடியில் வைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக மேலே வரைந்துவிடுங்கள். ஒரு பெயரில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு எழுத்து, ஒரு மாலை வேலை. வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோடாக, இருப்பதால் எந்த அளவுக்கும் நீட்டிக்கொள்ளலாம். ஏர் இந்தியா ஜெட்டுகளில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் இந்தி, அதனால் இடது பக்கத்தை நகலெடுத்து வலது பக்கம் ஒட்டுவது நடக்காது. இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோடு கோடாகப் படத்தைப் பார்த்து வரைந்தால் போதும், ஆனால் முடித்ததும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

747-களுக்கு அரசர்களின் பெயர் வைத்திருந்தார்கள். அசோகர், ஷாஜகான், அக்பர் என்ற வரிசையில் ராஜேந்திர சோழனும் மகேந்திரவர்மனும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர் முதல் 747-க்கு எதை எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடி என்று தொடங்கும் பதிவு எண் டக்கோட்டா காலத்தில் இறக்கையிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும், எந்த இறக்கையில் மேலே, எதில் கீழே என்று படத்தில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இன்னொரு தொல்லை, நீங்கள் எழுதிய எண்ணுக்கு மேல் சிமுலேட்டர் தன் பங்குக்கு ஒரு எண்ணை எழுதும். பேனல் ஃபைலில் அதை மறைக்க வழி இருக்கிறதா என்று விமானத்தின் குறிப்பில் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் எண்ணை எழுதாமல், அமைப்பு ஃபைலில் பதிவு எண்ணைக் கொடுத்து அதையே எழுத விடுங்கள்.

ஜன்னல் மாடங்கள்

ஏர் இந்தியா 747 எடுப்பவர்களுக்கு மட்டும் இது. ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றிச் சிவப்பில் வளைந்த அரண்மனை மாடம். பார்த்தால் நூற்றுக்கணக்கில் வரைய வேண்டும்போல இருக்கும், உண்மையில் ஒன்றுதான் வரைய வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் தூரம் 20 அங்குலம், 51 சென்டிமீட்டர் என்று வையுங்கள், மேலே சொன்ன கணக்கில் அது 59 பிக்சல். ஒரு மாடத்தை இங்க்ஸ்கேப்பில் பெரிதாக வரைந்து, 59 பிக்சலுக்குள் அடங்கும்படி சுருக்கிப் பாருங்கள். வளைவின் நுனியும் அடிப்பீடமும் தெரிகிறதா? தெரியாவிட்டால் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள், உண்மையைவிடத் தடிமனாக இருந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுதான் இங்கே சரி.

பிறகு நகலெடுத்து வரிசையாக வைப்பது. 59 பிக்சலுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொண்டே போனால் பத்தாவது ஜன்னலுக்குள் விலகிவிடும், ஏனென்றால் உண்மை அளவு 58.7 என்றோ 59.4 என்றோ இருக்கும். கதவுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள வரிசையைத் தனித்தனிக் கூட்டமாக எடுத்து, முதல் ஜன்னலிலும் கடைசி ஜன்னலிலும் மாடத்தைச் சரியாக உட்காரவைத்து, நடுவில் உள்ளவற்றைச் சமமாகப் பகிரச் சொல்லுங்கள், இங்க்ஸ்கேப்பில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. கதவை ஒட்டி இடம் மாறும் மாடங்களைப் படத்தைப் பார்த்துத் தனியாகச் செய்யுங்கள், மேல்மாடி ஜன்னல்களை மறந்துவிடாதீர்கள்.

அலுமினியமும் அழுக்கும்

டக்கோட்டாவின் அடிப்பகுதிக்குச் சாம்பல் நிறம் அடித்தால் அது அலுமினியம்போல இருக்காது, சிமெண்ட் தொட்டிபோல இருக்கும். பளபளப்பு நிறத்தில் இல்லை, அது வேறு ஃபைலில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் காம்ப் என்று முடியும் ஃபைலில், படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து வைக்கும் சானல்களில், பச்சைச் சானல் சொரசொரப்பு, நீலச் சானல் உலோகத்தன்மை. எக்ஸ்-பிளேனில் இது நார்மல் ஃபைலிலேயே இருக்கும், புதிய விமானங்களில் நீலச் சானலில் உலோகத்தன்மை, ஆல்ஃபாவில் பளபளப்பு. வெறும் உலோகம் இருக்கும் இடத்தில் உலோகத்தன்மையை முழுதாக ஏற்றுங்கள், பெயிண்ட் இருக்கும் இடத்தில் சுழியாக்குங்கள். கண்ணாடிபோலப் பளபளக்க விடாதீர்கள், தகடு தகடாகச் சொரசொரப்பைத் துளி மாற்றிக் கொடுத்தால் போதும், உயிர் வந்துவிடும்.

வெள்ளைக்கு 255 வைக்காதீர்கள், 235-ஐ ஒட்டி வைத்தால் நம் ஊர் உச்சிவெயிலில் கண் கூசாமல் தகடு இணைப்புகள் தெரியும். அழுக்கு விஷயத்தில் கை அடங்க வேண்டும். டக்கோட்டாவின் எஞ்சின் கூட்டிலும் அதன் பின்னால் இறக்கையிலும் புகைக் கறை, எண்ணெய்க் கசிவு, சரி. அதற்கு மேல் போனால் கம்பெனி ஓட்டிய விமானமாகத் தெரியாது, பழைய இரும்புக் கடையில் கிடப்பதாகத் தெரியும்.

சிமுலேட்டருக்குள் ஏற்றுவது

எக்ஸ்-பிளேன்தான் சுலபம். விமானத்தின் ஃபோல்டருக்குள் லிவரீஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் உங்கள் லிவரியின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒன்று, அதில் உங்கள் பிஎன்ஜி. மூல விமானத்தில் படம் எந்தப் பெயரில், எந்த வழியில் இருக்கிறதோ அதே பெயர், அதே வழி. மாற்றிய படங்களை மட்டும் வைத்தால் போதும், மற்றதை மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மாற்றம் தெரியவில்லை என்றால் அதே ஃபோல்டரில் அதே பெயரில் டிடிஎஸ் என்ற இன்னொரு பட வடிவில் பழைய ஃபைல் கிடக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இருந்தால் அது டிடிஎஸ்ஸைத்தான் எடுக்கும்.

மைக்ரோசாஃப்ட் 2020-ல் கொஞ்சம் சுற்று. கம்யூனிட்டி ஃபோல்டரில் தனிப் பொதியாக வைக்க வேண்டும்: மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்று இரண்டு ஜேசன் ஃபைல்கள், விமானத்தின் அமைப்பு ஃபைல், டெக்ஸ்ச்சர் ஃபோல்டர். படங்கள் டிடிஎஸ்ஸாக இருக்க வேண்டும், ஜிம்பே அந்த வடிவில் சேமிக்கும், தூரத்துப் பார்வைக்கான சின்ன நகல்களான மிப்மேப் உருவாக்கும் தேர்வை டிக் செய்ய மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் தூரத்தில் பட்டை நெளியும். முதல் தடவை எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், அதே விமானத்துக்கு வேறு ஒருவர் செய்த இலவச லிவரியைத் திறந்து அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ச்சர் ஃபோல்டரின் பெயரும் அமைப்பு ஃபைலில் நீங்கள் கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு ஃபைலைச் சேர்த்தாலும் மாற்றினாலும் லேஅவுட் ஃபைலைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு லேஅவுட் ஜெனரேட்டர் என்ற சின்ன இலவசக் கருவி இருக்கிறது, ஃபைலை அதன்மேல் இழுத்துப் போட்டால் முடிந்தது. லிவரி பட்டியலிலேயே வரவில்லை என்றால் பெரும்பாலும் லேஅவுட்தான் காரணம், வந்து கன்னாபின்னா நிறத்தில் தெரிந்தால் பெயர்தான் காரணம். 2020-க்குச் செய்தது அடுத்த பதிப்பான 2024-ல் அப்படியே ஓடும் என்று நம்பிவிட வேண்டாம், அந்த விமானத்தைச் செய்தவரின் குறிப்பைப் படியுங்கள்.

ஏறியதும் திருவனந்தபுரத்தில் ஓடுபாதை 14-ஐ ஒட்டி நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். பிறகு கிளம்பி, கடலோரமாகவே தெற்கே கோவளம், விழிஞ்ஞம், குளச்சல், முட்டம் என்று கன்னியாகுமரி வரை. டக்கோட்டாவுக்குக் கால் மணி நேர ஓட்டம்தான். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, உச்சிவேளையில் ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை, மழை மேகத்தில் ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சு மாலை வெயிலில் முழுச் சிவப்பாகிவிட்டால் நிறத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்த வேண்டும். கறுப்பு எழுத்து நடுப்பகலில் ஓட்டைபோலத் தெரிந்தால் சுத்தக் கறுப்பை விட்டுக் கரும்சாம்பலுக்கு வாருங்கள்.

பகிர்வது

இலவசமாகக் கொடுங்கள். கம்பெனிச் சின்னம் உங்களுடையதல்ல, அதை வைத்துக் காசு பார்க்க வேண்டாம். மூல விமானத்தின் ஃபைல்களைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், நீங்கள் அடித்த படங்களும் அமைப்பு ஃபைலும் மட்டும், விற்பனை விமானம் என்றால் செய்தவர் என்னென்ன அனுமதித்திருக்கிறார் என்று முதலில் படியுங்கள். எந்த விமானம், எந்த வருஷம், எதைப் படத்தில் பார்த்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று பத்து வரியில் ஒரு குறிப்பு வையுங்கள். ஆல்பம் தந்தவரிடம் கேட்காமல் அவர் முகம் தெரியும் படத்தைப் போட வேண்டாம்.

லேயர் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள், தனி பென்டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும். ராஜேந்திர சோழனை முடித்தவருக்கு மகேந்திரவர்மன் ஒரு நாள் வேலைதான்: மூக்கில் பெயர், பதிவு எண், மாடங்களுக்கு நடுவே ஏதாவது கதவு வேறுபட்டால் அது, அமைப்பு ஃபைலில் ஒரு வரி, அப்புறம் மறுபடி லேஅவுட்.